அநேகமாக, ஏறக்குறைய சரி: தேங்காய்க் கடையில் வேலியண்டின் கணக்கு

அம்மா தேங்காய் வாங்கும்போது அவசரப்படுத்தக் கூடாது. ஒரு காயைக் கையில் எடுத்துக் கனம் பார்ப்பார். காதருகே வைத்து ஆட்டுவார். விரல் கணுவால் தட்டுவார். குடுமியை விலக்கி, கண்ணில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். நாலைந்தைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்து வைப்பார். "இத்தனை வருஷமா வாங்குறீங்க, இன்னும் என் மேல நம்பிக்கை வரலையாக்கா?" என்று கடைக்காரர் சிரிப்பார். வீட்டில் உடைத்தால் பெரும்பாலும் நல்ல காயாகத்தான் இருக்கும். என்றைக்காவது ஒன்று அழுகலாக வரும். அதற்காக அம்மாவுக்குத் தேங்காய் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை.

இந்தத் "தெரியும்" என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நூற்றுக்கு எத்தனை காய் சரியாக இருந்தால் ஒருவருக்குத் தேங்காய் பார்க்கத் தெரியும் என்று ஒப்புக்கொள்வோம்? அந்த நிலைக்கு வர அவர் எத்தனை காயை உடைத்துப் பார்த்திருக்க வேண்டும்? பத்தா, ஆயிரமா? கணினிக்கு இதே வேலையைக் கொடுத்தால், அது "கற்றுக்கொண்டுவிட்டது" என்று எப்போது சொல்லலாம்?

இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் லெஸ்லி வேலியண்ட். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியர். 1984 நவம்பரில் அவருடைய கட்டுரை ஒன்று வந்தது, மொத்தம் ஒன்பது பக்கம். உதாரணங்களிலிருந்து கணினி கற்பதை ஆராயும் மெஷின் லேர்னிங் கோட்பாடு என்று இன்று ஒரு தனித் துறை இருக்கிறதென்றால், அந்த ஒன்பது பக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 2010-ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தபோது, காரணங்களில் முதலாவதாகச் சொல்லப்பட்டதும் இந்த வேலைதான்.

ஆளைப் பற்றி நாலு வரி. 1949-இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார், வளர்ந்தது இங்கிலாந்தில். கேம்பிரிட்ஜில் கணிதம், லண்டன் இம்பீரியல் கல்லூரி, அப்புறம் வார்விக் பல்கலைக்கழகத்தில் 1974-இல் முனைவர் பட்டம். கார்னகி மெலன், லீட்ஸ், எடின்பரோ என்று சில இடங்களில் பாடம் நடத்திவிட்டு 1982-இல் ஹார்வர்டுக்கு வந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, கற்றல் பக்கம் வருவதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. "இந்தக் கணக்கைப் போட எவ்வளவு நேரமாகும்?" என்பதுதான் அவருடைய தொழில். 1979-இல் அவர் காட்டிய ஒரு முடிவு கணினி அறிவியலில் மிகப் பிரபலம். அலுவலகத்தில் ஐந்து பேர், ஐந்து வேலை. யாருக்கு எந்த வேலை தெரியும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டால் கணினி சட்டென்று சொல்லிவிடும். ஐந்தாயிரம் பேர் என்றாலும் சிரமமில்லை. ஆனால், அப்படிப் பிரிக்க மொத்தம் எத்தனை வழி இருக்கிறது என்று எண்ணச் சொன்னால் மாட்டிக்கொள்ளும். ஒன்றைக் கண்டுபிடிப்பது சுலபம், எல்லாவற்றையும் எண்ணுவது மிகமிகக் கடினமான கணக்குகளின் வரிசையில் வருகிறது. இப்படி யோசித்துப் பழகியவர்தான் "கற்பது" என்ற சொல்லைக் கையில் எடுத்தார். அதனால்தான் அவருடைய வரையறையில் காயின் எண்ணிக்கையோடு நேரமும் சேர்ந்தே வருகிறது.

சரி, கடைக்கு வருவோம்.

கணினிக்குத் தேங்காய் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம். கனம், கணீர் ஒலி, உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம், காய்ந்த கண், குடுமி: இந்த ஐந்தும் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு காய்க்கும் குறித்துக்கொள்கிறோம். பிறகு உடைத்து, நல்லதா அழுகலா என்று சொல்கிறோம். நல்ல காய் என்பதற்கு இந்த ஐந்தில் சிலவற்றைச் சேர்த்த ஒரு விதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது என்ன விதி என்று கணினிக்குத் தெரியாது.

அது ரொம்பச் சந்தேகப் பேர்வழியாகத் தொடங்குகிறது. முதல் நல்ல காயில் ஐந்துமே இருந்தன. "அப்படியானால் ஐந்தும் இருந்தால்தான் நல்ல காய்" என்று எழுதிக்கொள்கிறது. இரண்டாவது நல்ல காயில் மற்ற நான்கும் இருந்தன, குடுமி மட்டும் இல்லை. ஓ, குடுமி தேவையில்லை போலிருக்கிறது என்று அதை அடித்துவிடுகிறது. மூன்றாவது நல்ல காய் லேசாக இருந்தது. கனமும் போயிற்று. மிஞ்சியவை மூன்று: கணீர் ஒலி, தண்ணீர்ச் சத்தம், காய்ந்த கண். அழுகல் காய் வந்தால் கணினி எதையும் மாற்றாது. நல்ல காய் வரும்போது மட்டும் தேவையில்லாத நிபந்தனையை அடித்துக்கொண்டே போகும். அவ்வளவுதான் நிரல். பள்ளிக்கூடப் பிள்ளைகூட எழுதிவிடலாம்.

இந்தக் கணினி ஒரு பக்கமாகத்தான் தப்புச் செய்யும். நல்ல காயைத் தேவையில்லாமல் ஒதுக்கிவிடலாம், அழுகலை வாங்கவே வாங்காது. அம்மாவின் சுபாவமும் கிட்டத்தட்ட இதுதான்.

எத்தனை காய்க்குப் பிறகு இதை நம்பிக் கடைக்கு அனுப்பலாம்? இங்கேதான் வேலியண்ட் இரண்டு சலுகைகளை அனுமதிக்கிறார். அவருடைய கோட்பாட்டின் பெயரே அந்த இரண்டு சலுகைகள்தான்: அநேகமாக, ஏறக்குறைய, சரி. ப்ராபப்ளி, அப்ராக்ஸிமேட்லி, கரெக்ட் என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து "பேக்" கற்றல் என்கிறார்கள். இந்தப் பெயர் 1984 கட்டுரையில் இல்லை, பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

"ஏறக்குறைய" என்பது முதல் சலுகை. கற்றுக்கொண்ட விதி நூற்றுக்கு நூறு சரியாக இருக்க வேண்டியதில்லை. நூறு காயில் பத்துவரை தவறலாம் என்று வைத்துக்கொள்கிறோம். பத்து அதிகம் என்றால் ஐந்து, ஒன்று என்று குறைத்துக்கொள்ளலாம். கூடுதலாகக் காய் உடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அநேகமாக" என்பது இரண்டாவது. புதிதாகப் படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இங்கேதான், நானும் குழம்பியிருக்கிறேன். பயிற்சிக்கு வந்த காய்களே மோசமான மாதிரியாக அமைந்துவிடலாம் அல்லவா? உடைத்த காய் அத்தனையும் ஒரே மரத்துக் காயாக வந்து சேர்ந்துவிட்டால் பாவம் கணினி என்ன செய்யும்? அதன் மேல் குற்றமில்லை, கால நேரம் சரியில்லை. இந்த மாதிரி துரதிர்ஷ்டத்துக்குக் கொஞ்சம் இடம் விடுகிறோம். நூறு பேர் தனித்தனியாகப் போய்க் காய் உடைத்துக் கற்றுவந்தால், ஒன்றிரண்டு பேர் தேறாமல் போகலாம். முதல் சலுகை, கற்று முடித்தவர் வாங்கும் காய்களில் எத்தனை தவறலாம் என்பது. இரண்டாவது, கற்கப் போனவர்களில் எத்தனை பேர் தேறாமல் போகலாம் என்பது.

இனி எண். அடையாளம் ஐந்து இல்லை, பத்து என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அடையாளத்துக்கும் மூன்று வாய்ப்பு: கட்டாயம் இருக்க வேண்டும், இருக்கவே கூடாது, எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பத்து தடவை மூன்றால் பெருக்கினால் 59,049. எழுதக்கூடிய விதிகள் மொத்தமே இவ்வளவுதான். சரியான விதி இதற்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது.

இவற்றில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தவறும் ஒரு மோசமான விதியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு காயை எடுத்து உடைத்தால், இதன் குட்டு வெளிப்படாமல் தப்பிக்கும் வாய்ப்பு 0.9-க்கும் குறைவு. இரண்டு காயிலும் தப்பிக்க வேண்டுமென்றால் 0.81. மூன்றுக்கு 0.73. ஒவ்வொரு காய்க்கும் பத்தில் ஒரு பங்கு கரைந்துகொண்டே போகிறது. 140 காய் உடைத்து முடிக்கும்போது, ஒரு மோசமான விதி எல்லாவற்றிலும் தப்பித்து நிற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 25 லட்சத்தில் ஒன்று.

ஆனால் மோசமான விதி ஒன்றே ஒன்று இல்லையே. அதிகபட்சமாக 59,049-ம் மோசம் என்றே வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்ப்போம். அவற்றில் ஏதாவது ஒன்று தப்பித்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2.3 வருகிறது. அப்படியானால் 140 காயோடும் ஒத்துப்போகும் விதி ஒன்று நம் கையில் இருந்தால், நூற்றுக்கு 97-க்கு மேல் உறுதியாகச் சொல்லலாம்: இது நூறு காயில் பத்துக்கு மேல் தவறாது. அநேகமாக, ஏறக்குறைய சரி.

எனக்கு இந்தக் கணக்கில் பிடித்த இடம் இனிமேல்தான். அடையாளங்களை இருபதாக்குங்கள். இப்போது காய்களிலேயே 10,48,576 வகை இருக்கலாம். ஒவ்வொரு வகையையும் மனப்பாடம் செய்து கற்பதென்றால் ஊரில் இருக்கிற தேங்காயெல்லாம் போதாது. விதிகளின் எண்ணிக்கையோ 348 கோடியைத் தாண்டுகிறது. உடைக்க வேண்டிய காய்? 250 போதும். விதிகள் 59,049 மடங்கு பெருகியும் காய் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஒவ்வொரு காயும் மோசமான விதிகளைக் கூட்டம் கூட்டமாக வெளியே தள்ளுவதால் வரும் சௌகரியம் இது. மனப்பாடத்துக்கும் கற்றலுக்கும் உள்ள தூரம் 10 லட்சத்துக்கும் 250-க்கும் உள்ள தூரம்.

இத்தனை காய் போதும் என்பது பாதிக் கதைதான். அந்த 348 கோடி விதியையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தேட வேண்டியிருந்தால் யாருக்குப் பொறுமை? நம் அடித்துக்கொண்டே போகும் நிரல் அப்படித் தேடுவதில்லை, 250 காயை ஒரு முறை பார்த்தால் முடிந்தது. வேலியண்ட் இதையும் நிபந்தனையாக வைத்தார். காயும் கட்டுப்படியாகிற அளவில் இருக்க வேண்டும், நேரமும் கட்டுப்படியாகிற அளவில் முடிய வேண்டும். அப்போதுதான் "கற்க முடியும்" என்று ஒப்புக்கொள்வார். நியாயமாகச் சொல்லப்போனால், எத்தனை உதாரணம் வேண்டும் என்ற பகுதியைச் சோவியத் ரஷ்யாவில் வாப்னிக், செர்வோனென்கிஸ் என்ற இருவர் 1971-லேயே ஆழமாகப் போட்டிருந்தார்கள். விதிகள் எண்ணிலடங்காமல் போனாலும் அவர்கள் கணக்கு வேலை செய்யும். 1989-இல் நான்கு ஆய்வாளர்கள் அதை வேலியண்டின் வரையறையோடு முறையாகப் பொருத்திக் காட்டினார்கள். கணினிக்கு எவ்வளவு நேரமாகும் என்ற கேள்வியை நடுவில் கொண்டுவந்து வைத்தது வேலியண்டின் கை.

அந்த நேரக் கேள்வியால் ஒரு விசித்திரமான கதவும் திறந்தது. உதாரணங்கள் கொட்டிக் கிடந்தும் கற்க முடியாத விஷயங்கள் உண்டா? உண்டு என்று அவரும் அவருடைய மாணவர் மைக்கேல் கேர்ன்ஸும் 1989-இல் காட்டினார்கள். இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ முறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பூட்டும் சாவி ஊருக்கே தெரியும். ஆகவே திருடன் தன் வீட்டிலேயே உட்கார்ந்து, விருப்பப்பட்ட செய்தியையெல்லாம் பூட்டிப் பூட்டி, பூட்டியது இது, உள்ளே இருந்தது இது என்று லட்சக்கணக்கான உதாரணங்களைத் தானே தயாரித்துக்கொள்ளலாம். அவற்றிலிருந்து திறக்கும் விதியைக் கற்றுவிட முடிந்தால் ரகசியம் போச்சு. எனவே ஆர்எஸ்ஏ உடையாது என்று நம்புகிறவர், சில வகை விதிகளைக் கற்க முடியாது என்பதையும் நம்பித்தான் ஆக வேண்டும். ஒருவருக்குப் பூட்டு, இன்னொருவருக்குச் சுவர்.

இந்தக் கோட்பாட்டில் ஒரு பெரிய நிபந்தனை இருக்கிறது, அதை மறந்துவிட்டு இதைப் பேசவே கூடாது. பயிற்சிக் காய்கள் எந்தக் குவியலிலிருந்து வந்தனவோ, தேர்வுக் காய்களும் அதே குவியலிலிருந்து வர வேண்டும். குவியல் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. நெட்டை மரத்துக் காய் பாதி, குட்டை மரத்துக் காய் பாதி என்று எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், மாறாமல் இருந்தால் போதும். மாறினால் உத்தரவாதம் கிடையாது. நாங்கள் வீடு மாறியபோது பக்கத்துத் தெருக் கடையில் அம்மா வாங்கிய முதல் மூன்று காயில் இரண்டு அழுகல். எல்லாம் பழைய முறைப்படி தட்டிப் பார்த்து வாங்கியவைதான். அந்தக் கடைக்குக் காய் வேறு எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே படங்களில் நன்றாகத் தேறிய மென்பொருள் இன்னொரு மருத்துவமனையில் தடுமாறுவதும் இதே சங்கதிதான்.

வேலியண்டும் கேர்ன்ஸும் கேட்டு வைத்த இன்னொரு கேள்வி, பதிலைவிடப் பிரபலமாக இருந்திருக்க வேண்டியது. ஒருவருக்குத் தேங்காய் பார்க்க அரைகுறையாகத்தான் தெரியும். நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னால் நூற்றுக்கு 50, இவர் சொன்னால் 51. எப்படிப்பட்ட குவியலைக் கொடுத்தாலும் இந்த ஒன்று மட்டும் கூடுதலாகச் சரியாகச் சொல்வார். இப்படிப்பட்ட அரைகுறைகளை வைத்துக்கொண்டு 99 எடுக்கும் ஒருவரை உருவாக்க முடியுமா?

முடியாது என்றுதான் தோன்றும். பத்து அரைகுறை சேர்ந்தால் ஒரு முழுசு ஆகுமா என்ன? ஆகும் என்று ராபர்ட் ஷாபைர் நிரூபித்தார், 1990-இல் அந்தக் கட்டுரை வெளியானது. சூட்சுமம் குவியலைத் திருத்துவதில் இருக்கிறது. முதல் ஆள் தவறிய காய்களைக் கூடுதலாகச் சேர்த்து இரண்டாவது ஆளிடம் கொடுக்கிறோம். அவர் இந்தக் குவியலிலும் 51 எடுக்க வேண்டுமென்றால், முதல் ஆள் கோட்டைவிட்ட இடத்தில் எதையாவது புதிதாகக் கண்டுபிடித்தே தீர வேண்டும். இந்த இருவரும் ஆளுக்கொன்றாகச் சொன்ன காய்களை மூன்றாமவரிடம் கொடுக்கிறோம். கடைசியில் எல்லோரிடமும் வாக்கு வாங்குகிறோம். 

பிற்பாடு யோவ் ஃப்ராய்ண்டும் ஷாபைரும் சேர்ந்து இதை நடைமுறைக்கு ஏற்ற எளிய வடிவமாக்கினார்கள். அடாபூஸ்ட் என்று பெயர். இதில் நன்றாகச் செய்தவரின் வாக்குக்கு மதிப்பு அதிகம். 2003-இல் இருவருக்கும் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசு. 2001-இல் வயோலா, ஜோன்ஸ் என்ற இருவர் படத்தில் முகம் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தினார்கள். கண் பகுதி கன்னத்தைவிட இருட்டாக இருக்கிறதா, மூக்குத் தண்டு வெளிச்சமாக இருக்கிறதா என்பது போன்ற அற்பமான சோதனைகள், ஒவ்வொன்றும் தனியாக அரைகுறை. சேர்த்தால் முகம். டிஜிட்டல் கேமராக்களில் முகத்தைச் சுற்றிச் சின்னச் சதுரம் வரத் தொடங்கிய காலத்தில் இந்த முறைதான் கோலோச்சியது. சதுரத்தின் பூர்வகதை, எந்தப் பயனையும் எதிர்பார்க்காமல் கேட்ட ஒரு கோட்பாட்டுக் கேள்வி.

வேலியண்ட் இங்கேயே நிற்கவில்லை. பல கணினிகள் சேர்ந்து வேலை செய்வதற்கு 1990-இல் ஒரு மாதிரி கொடுத்தார், இருபது வருடம் கழித்துப் பெரிய வலைப்பின்னல்களை அலச கூகுள் கட்டிய ப்ரெகல் அதன் மேல்தான் நின்றது. மூளை எப்படிக் கணக்கிடுகிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். டார்வினின் பரிணாமத்தையே கற்றலின் ஒரு வகையாகப் பார்த்து, இத்தனை தலைமுறைக்குள் எதெல்லாம் உருவாக முடியும் என்று கணக்குப் போடலாமா என்றும் கேட்டார். இது கொஞ்சம் அகலக்கால் என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனாலும் "எவ்வளவு நேரமாகும்?" என்ற அதே பழைய கேள்வியை உயிரிடமே போய்க் கேட்கிற துணிச்சல் யாருக்கு வரும்?

இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு இந்தத் தேங்காய்க் கணக்கு அப்படியே பொருந்துமா? அதன் அடித்தளமான பெரிய நியூரல் நெட்வொர்க்குகளில் எழுதக்கூடிய விதிகள் அவ்வளவு அதிகம், மேலே போட்ட கணக்கை அங்கே போட்டால் வரும் விடை உபயோகமில்லாத ஒன்று: உங்கள் பிழை நூற்றுக்கு நூறைத் தாண்டாது என்கிற மாதிரி. அதுதான் எங்களுக்கே தெரியுமே.

2017-இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் போட்டு உடைத்தது. பூனை, நாய், லாரி என்று பத்து வகைப் படங்கள், மொத்தம் 50,000. அவற்றின் பெயர்ச்சீட்டுகளைக் கன்னாபின்னாவென்று மாற்றி ஒட்டினார்கள். பூனைப் படத்துக்கு லாரி, லாரிக்குத் தவளை என்று ஒரு ஒழுங்குமில்லாமல். நெட்வொர்க் 50,000-ஐயும் ஒன்று விடாமல் அப்படியே மனப்பாடம் செய்துவிட்டது. அத்தனையையும் உருப்போட இடமிருக்கிற ஒன்று எதையாவது கற்கும் என்பதற்குப் பழைய கணக்கு எந்த உத்தரவாதமும் தராது. ஆனால் சரியான சீட்டுகளை ஒட்டிக் கொடுத்தபோது, அதே நெட்வொர்க் தான் பார்த்தேயிராத பூனையையும் பூனை என்றே பெரும்பாலும் சொன்னது. மனப்பாடம் செய்ய இடமிருந்தும் அது ஏன் கற்றுக்கொள்கிறது என்று கோட்பாட்டுக்காரர்கள் இன்னமும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.